மாலிப்டினைட்: கிராஃபைட்டிலிருந்து பிரித்தறிவது முதல் அது பிறந்த பாறையைப் படிப்பது வரை

கையில் எடுத்தால் வழுக்கும். விரலில் சாம்பல் கறை ஒட்டும். காகிதத்தில் இழுத்தால் பென்சில் மாதிரி எழுதும். நகம் பட்டாலே செதிலாகப் பெயரும். இத்தனையையும் பார்த்தபின் 'கிராஃபைட்' என்று சீட்டு எழுதி ஒட்டிவிடத்தான் யாருக்கும் தோன்றும். பல நூற்றாண்டுகள் அப்படித்தான் நடந்தது. 1778-இல் ஸ்வீடனில் வாழ்ந்த வேதியியலர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே இதை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினார். கிராஃபைட் அமிலத்தில் அசையவே இல்லை. இதுவோ சிதைந்து வெள்ளைப் பொடியாக நின்றது. அந்தப் பொடியிலிருந்து 1781-இல் பீட்டர் யாக்கோப் ஹெல்ம் ஒரு புது உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் மாலிப்டினம்.

தமிழ்நாட்டில் பாறை பார்ப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் பழங்கதை இல்லை. சிவகங்கையில் கிராஃபைட் வெட்டுகிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்துக் கரடிக்குட்டத்திலும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அரூர்–ஊத்தங்கரைப் பட்டையிலும் மாலிப்டினைட் இருப்பதாக நிலவியல் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இரண்டும் கிடைக்கும் மண்ணில் கண்ணை மட்டும் நம்பினால் தவறு நிச்சயம். கீழே உள்ள சோதனைகளில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். ஒன்றையொன்று சாராத இரண்டாவது ஒத்துவர வேண்டும். அவற்றில் ஒன்று எடைச் சோதனையாகவோ நெருப்புச் சோதனையாகவோ இருக்கட்டும்.

முதலில் உள்ளமைப்பு

மாலிப்டினைட் என்பது மாலிப்டினம் டைசல்பைடு. ஒரு மாலிப்டினம் அணுவுக்கு இரண்டு கந்தக அணுக்கள். எடைக்கணக்கில் சுமார் 60 சதவீதம் மாலிப்டினம், 40 சதவீதம் கந்தகம். மாலிப்டினம் அணுக்கள் ஒரு தளமாக விரிந்திருக்க, மேலும் கீழும் கந்தகத் தளங்கள் அதை மூடியிருக்கும். இந்த மூன்று தளங்களும் சேர்ந்ததே ஒரு அடுக்கு. அடுக்குக்குள் பிணைப்பு மிக வலுவானது. ஓர் அடுக்கின் கந்தகமும் அடுத்த அடுக்கின் கந்தகமும் முகம் பார்க்கும் இடத்தில்தான் பலவீனம். அங்கே வெறும் மெல்லிய ஈர்ப்பு மட்டுமே. அடுக்குக்கு அடுக்கு இடைவெளி சுமார் 6.15 ஆங்ஸ்ட்ராம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், ஆய்வகத்தில் தேவைப்படும்.

கையில் தெரியும் குணங்கள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. அடுக்குகள் சறுக்குவதால் வழவழப்பு. மோஸ் அளவில் கடினம் 1 முதல் 1.5 வரைதான். அடுக்கோடு அடுக்காகப் பிரிவதால் ஒரே திசையில் கச்சிதமான பிளவு. உயவுப் பொருளாக இதன் தனிச்சிறப்பும் இங்கேதான் இருக்கிறது. கிராஃபைட் நன்றாக வழுக்க அதன் அடுக்குகளில் காற்றின் ஈரம் ஒட்டியிருக்க வேண்டும். வெற்றிடத்தில் அது தேயத் தொடங்கிவிடும். மாலிப்டினைட்டுக்கு ஈரம் தேவையில்லை. அதனால்தான் விண்கலங்களின் மூட்டுகளில் இது பூசப்படுகிறது. ஆனால் காற்றுள்ள இடத்தில் சுமார் 350 டிகிரி செல்சியஸுக்கு மேல் இதை நம்பக் கூடாது. ஆக்சிஜனோடு சேர்ந்து மாலிப்டினம் டிரைஆக்சைடாக மாறத் தொடங்கும்.

எடுத்து வைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், கூர் ஊசி, பளபளப்புப் பூச்சுள்ள வெள்ளைப் பீங்கான் துண்டுகள் இரண்டு (உடைந்த தட்டு போதும்), 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு, ஒரு டம்ளர், நூல், மல்டிமீட்டர், பியூட்டேன் டார்ச், கட்டை மரக்கரி. வசதி இருந்தால் 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கு ஒன்று.

படி 1: பார்ப்பதும் வளைப்பதும்

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாலிப்டினைட் ஈயச் சாம்பல் நிறம், அதில் மெல்லிய நீலம் ஓடும். கிராஃபைட் கருப்புச் சாம்பல், நீலம் இருக்காது. மஞ்சள் பல்பின் கீழ் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். லென்ஸில் அறுகோணத் தகடுகளோ, இதழ்போல் அடுக்கிய செதில் கொத்துகளோ தெரியும்.

ஊசியால் ஒரு செதிலைத் தூக்கி வளையுங்கள். மாலிப்டினைட் வளைந்தபடியே நிற்கும். காக்காப்பொன், அதாவது மைக்கா, செதில் என்றால் விட்டவுடன் நிமிர்ந்துகொள்ளும். கிராஃபைட்டும் வளைந்தபடியே நிற்கும் என்பதால் இந்தச் சோதனை மைக்காவை விலக்கத்தான் உதவும். ஈயத்தாதுவான கலீனா கனசதுரமாக உடையும். ஹெமடைட் செதில்கள் சிவப்புத் தூள் தரும். இவை இரண்டையும் விலக்குவதில் சிரமமே இல்லை.

படி 2: தூள் நிறம்

காகிதத்தில் இழுத்தால் கோடு நீலச் சாம்பலாக இருக்கும். ஆனால் பழகாத கண்ணுக்குக் கிராஃபைட் கோடும் அப்படியே தெரியும். பூச்சுள்ள பீங்கானில் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். பிறகு இரண்டாவது பீங்கான் துண்டால் அந்தக் கோட்டின் மேல் நன்றாகத் தேய்த்துப் பரப்புங்கள். மாலிப்டினைட் என்றால் பரவிய இடத்தில் பச்சை கலந்த சாம்பல் தெரியும். கிராஃபைட் எவ்வளவு தேய்த்தாலும் கருப்புதான். கோடு தடிமனாக இருந்தால் பச்சை தெரியாது. தேய்த்து மெல்லியதாக்குவதில்தான் இந்தச் சோதனையே இருக்கிறது.

படி 3: எடை

காட்டில் செய்யக்கூடியவற்றில் நம்பகமானது இதுதான். மாலிப்டினைட்டின் ஒப்படர்த்தி, அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, சுமார் 4.7. கிராஃபைட் 2.1 முதல் 2.2. இரண்டு மடங்குக்கும் மேல் இடைவெளி.

துண்டை உலர்வாக நிறுத்து எடையைக் குறியுங்கள். அரை டம்ளர் தண்ணீரைத் தராசின் மேல் வைத்துக் காட்டியைச் சுழியாக்குங்கள். துண்டை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எடை, துண்டு விலக்கிய தண்ணீரின் எடை. உலர் எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். 10 கிராம் சுத்தமான மாலிப்டினைட் 2.13 கிராம் காட்டும். அதே எடையுள்ள கிராஃபைட் 4.5 கிராமுக்கு மேல் காட்டும்.

தவறு நேர்வது பெரும்பாலும் காற்றுக் குமிழியால். மாலிப்டினைட் தண்ணீரோடு ஒட்டாத கனிமம். செதில்களுக்கிடையே காற்று பிடித்துக்கொள்ளும். குமிழி ஒட்டியிருந்தால் பருமன் கூடுதலாகத் தெரிந்து ஒப்படர்த்தி குறையும். மாலிப்டினைட் கிராஃபைட்டாக மாறிப்போகும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள், துண்டை மூழ்கடித்து மென்மையான தூரிகையால் தடவுங்கள், பிறகு நிறுங்கள். தாது ஆலைகளில் இதே குணத்தை வைத்துத்தான் இதைப் பிரிக்கிறார்கள்: அரைத்த பாறைக் கூழுக்குள் எண்ணெயும் காற்றும் செலுத்தினால் மாலிப்டினைட் குமிழிகளில் ஒட்டி நுரையாக மேலே வரும். கிராஃபைட்டும் அதேபோல மிதக்கும், ஆகவே மிதப்பதை அடையாளமாகக் கொள்ள முடியாது.

சுத்தமான செதில் கிடைக்காமல் வெங்கச்சங்கல்லோடு, அதாவது குவார்ட்ஸோடு, சேர்ந்த துண்டுதான் கையில் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65. உங்கள் துண்டு 2.86 காட்டினால் உபரி 0.21. இரண்டு கனிமங்களுக்கும் உள்ள வித்தியாசமான 2.05-ஆல் அதை வகுத்தால், பருமனில் ஏறத்தாழ 10 சதவீதம் மாலிப்டினைட். எடையில் அது 17 சதவீதத்துக்கு அருகில் வரும். செதிலெல்லாம் கிராஃபைட்டாக இருந்திருந்தால் துண்டு 2.65-க்குக் கீழே இறங்கியிருக்கும். பைரைட் போன்ற வேறு கனமான கனிமம் கலந்திருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். லென்ஸில் பித்தளை மஞ்சளாக எதுவும் மினுக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

படி 4: மின்தடை

கிராஃபைட் நல்ல மின்கடத்தி. மாலிப்டினைட் குறைகடத்தி, வானொலியின் தொடக்க காலத்தில் படிக அலைவாங்கிகளில்கூட இது பயன்பட்டது. ஒரே செதிலின் மேல் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் 5 மில்லிமீட்டர் தள்ளி அழுத்துங்கள். கிராஃபைட் பொதுவாகச் சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டும். மாலிப்டினைட் ஆயிரக்கணக்கிலோ அதற்கு மேலோ போகும். முனைகள் வேறு வேறு செதில்களில் பட்டால் இடையே உள்ள குவார்ட்ஸ் தடுத்து, கிராஃபைட்டும் பெரிய எண்ணைக் காட்டும். ஆகவே இங்கே சின்ன எண் சாட்சியாகும். பெரிய எண்ணை அப்படி நம்ப முடியாது.

படி 5: நெருப்பு

திறந்த வெளியில், காற்று வீசும் பக்கம் முதுகு காட்டி நின்று செய்யுங்கள். வெளிவருவது கந்தக டைஆக்சைடு. ஆஸ்துமா உள்ளவர்கள் அருகில் நிற்க வேண்டாம். அரிசி அளவுச் செதில் போதும்.

முதலில் மரக்கரியை மட்டும் டார்ச்சால் சுட்டுப் பாருங்கள். கரியே வெள்ளைச் சாம்பல் விடும். அது எப்படி இருக்கும் என்று தெரியாமல் தொடங்கினால் சாம்பலையே படிவு என்று நினைப்பீர்கள். பிறகு கரியில் சிறு குழி தோண்டிச் செதிலை வைத்து, சுடரின் வெளி நுனியால், அதாவது ஆக்சிஜன் மிகுந்த பகுதியால் சுடுங்கள். செதில் உருகாது. தீக்குச்சி வாடை வரும். சுடரில் மஞ்சள் கலந்த பச்சை எட்டிப் பார்க்கும். குழியைச் சுற்றிக் கரியின் மேல் ஒரு படலம் படியும்: சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை.

வாடையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். கிராஃபைட்டுக்குள் சிக்கிய பைரைட்டும் அதே வாடைதான் தரும். மஞ்சள்–வெள்ளை மாற்றமும் போதாது. துத்தநாகத் தாதும் அப்படியே மாறும். ஆறிய வெள்ளைப் படலத்தின் மேல் இப்போது சுடரின் உட்பகுதியை ஒரு நொடி தொடுவித்து எடுங்கள். அங்கே ஆக்சிஜன் குறைவு. படலம் ஆழ்ந்த நீலமானால் அது மாலிப்டினம்தான். டிரைஆக்சைடு ஆக்சிஜனில் கொஞ்சம் இழந்ததால் வரும் நீலம் அது. அதிக நேரம் சுட்டால் படலமே ஆவியாகிப் போய்விடும். டிரைஆக்சைடு 795 டிகிரியில் உருகும், உருகும் முன்பே ஆவியாகத் தொடங்கும். கிராஃபைட் படலமே விடாது.

படி 6: மேற்பரப்புத் தடயங்கள்

வெயிலும் மழையும் பட்ட பாறையில் செதில்கள் கரைந்து போயிருக்கலாம். அவை இருந்த குழிகளில் எலுமிச்சை மஞ்சள் பொடி ஒட்டியிருந்தால் அது ஃபெரிமாலிப்டைட்டாக இருக்க வாய்ப்புண்டு: கரைந்த மாலிப்டினம் இரும்போடு சேர்ந்தது. சுண்ணாம்புச் சத்துள்ள பாறையில் அதே மாலிப்டினம் பவுலைட்டாகப் படியும். இருட்டில் 254 நானோமீட்டர் விளக்கை அடித்தால் பவுலைட் பொன்மஞ்சளாக ஒளிரும். மாலிப்டினைட் ஒளிராது. நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது ஷீலைட் என்ற டங்ஸ்டன் தாது. அதில் மாலிப்டினம் கலக்கக் கலக்க நீலம் மஞ்சளுக்கு நகரும்.

இது எப்படி உருவாகிறது

புவி மேலோட்டில் மாலிப்டினம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கிறது. வெட்டி எடுக்கத் தகுந்த மாலிப்டினம் சுரங்கப் பாறையில் டன்னுக்கு ஒன்று முதல் மூன்று கிலோ வரை வேண்டும். அதாவது இயற்கை இதை ஆயிரம் மடங்குக்கு மேல் திரட்டியாக வேண்டும். அதற்குப் பல நிலைகள் வரிசையாகக் கைகூட வேண்டும். ஒன்று தவறினாலும் தாது இல்லை. மாலிப்டினைட் அபூர்வமானதற்குக் காரணம் இதுதான்.

முதல் நிலை பாறைக்குழம்பில். கிரானைட் வகை மாக்மா ஆறும்போது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் படிகமாகும். அவற்றின் அணு அமைப்பில் மாலிப்டினத்துக்கு இடமில்லை. ஆகவே மிஞ்சும் குழம்பில் அது சேர்ந்துகொண்டே போகும். ஆனால் டைட்டானியம் உள்ள படிகங்கள் சீக்கிரமே நிறைய உருவானாலும், சல்பைடு துளிகள் முன்கூட்டியே பிரிந்து இறங்கினாலும் மாலிப்டினம் அங்கங்கே சிதறிவிடும். ஆக்சிஜன் அளவு போதிய மாக்மாவில் கந்தகம் சல்பைடாகப் பிரியாமல் கரைந்தே இருக்கும் என்பதால் மாலிப்டினமும் கடைசிவரை குழம்பில் தங்கும்.

அடுத்தது தண்ணீர். இந்த மாக்மாவில் எடைக்கணக்கில் சில சதவீதம் தண்ணீர் கரைந்திருக்கும். மேலே ஏறி, சில கிலோமீட்டர் ஆழத்தில் நின்று, படிகமாகிக்கொண்டே வரும்போது எஞ்சிய குழம்பால் அவ்வளவு தண்ணீரையும் வைத்திருக்க முடியாது. கொதித்துப் பிரியும். பிரிந்த தண்ணீர் விரிந்து, மேலே உள்ள பாறையைத் தாறுமாறாக உடைக்கும். நூற்றுக்கணக்கில் விரிசல்கள் பின்னிப் பிணையும். மாலிப்டினம் இந்த வெந்நீருக்குள் ஆக்சிஜனோடும் சோடியம், குளோரின் போன்றவற்றோடும் சேர்ந்த கூட்டுப்பொருள்களாகக் கரைந்து விரிசல்களில் ஓடும்.

படியும் இடத்தைத் தீர்மானிப்பது வெப்பம். வெந்நீரோடு வரும் கந்தகம் சூட்டில் பெரும்பாலும் கந்தக டைஆக்சைடாக இருக்கும். அந்த வடிவில் அது மாலிப்டினத்தோடு சல்பைடாகச் சேர முடியாது. சுமார் 400 டிகிரியை ஒட்டி ஆறும்போது நான்கு கந்தக டைஆக்சைடு மூலக்கூறுகள் நான்கு தண்ணீரோடு சேர்ந்து மூன்று கந்தக அமில மூலக்கூறாகவும் ஒரு ஹைட்ரஜன் சல்பைடாகவும் பிரியும். அந்த ஹைட்ரஜன் சல்பைடு வந்த பிறகுதான் மாலிப்டினைட் படியும். அதே நேரம் ஆறும் நீரில் சிலிக்காவும் தங்காது. ஆகவே ஒரே விரிசலில் குவார்ட்ஸும் மாலிப்டினைட்டும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைபட்ட பாறையில் அழுத்தம் கூடும், மறுபடி உடையும், மறுபடி நிரம்பும். இப்படி நிரம்பிய விரிசல்தான் நாளம். ஒரு நாளத்தை இன்னொரு நாளம் வெட்டிச் செல்வதைப் பாறையில் பார்த்தால், வெட்டியது பிந்தியது என்று வரிசை எழுதிக்கொண்டே வாருங்கள். பிற்பாடு வயதுக் கணக்கு செய்யும்போது அந்தக் குறிப்பு இல்லாமல் ஒன்றும் விளங்காது.

அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள கிளைமாக்ஸ் சுரங்கம் இதற்கு முழு உதாரணம்: ஒன்றன்பின் ஒன்றாக ஊடுருவிய கிரானைட் முண்டுகளின் தலையில், சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன், கவிழ்த்த கிண்ணம் போன்ற தாது உறைகள் உருவாயின. சிலியின் சுக்கிகமாட்டா, அமெரிக்காவின் பிங்காம் போன்ற பெரும் செம்புச் சுரங்கங்களில் மாலிப்டினைட் துணைப்பொருள். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் செம்புச் சுரங்கத்திலும் அது உண்டு; அங்குள்ள மாலிப்டினைட்டின் வயது சுமார் 249 கோடி ஆண்டுகள். பெரிய, அழகான படிகங்கள் வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் கிங்ஸ்கேட் போன்ற இடங்களின் குவார்ட்ஸ் குழாய்களைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர்க் கரைசல் இல்லாமல் வெறும் வாயுவிலிருந்தும் இது படியும்: குரில் தீவுகளின் குத்ரியாவி எரிமலையில் கொதிவாயு வெளியேறும் துளைகளில் மாலிப்டினைட்டும், அதன் உறவான, ரீனியம் என்ற அபூர்வ உலோகத்தின் சல்பைடும் படிந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

இந்தப் பின்னணி களத்தில் நேரடியாக உதவும். செதில்கள் குவார்ட்ஸ் நாளத்தின் ஓரங்களில் வரிசையாக நிற்கின்றனவா, பக்கத்தில் இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பாரோ கருப்பு மைக்காவோ புதிதாக வளர்ந்திருக்கிறதா, பைரைட், செம்புத் தாதுவான சால்கோபைரைட் கூடவே வருகிறதா என்று பாருங்கள்; வந்தால் மாலிப்டினைட் பக்கம் நம்பிக்கை கூடும். மாறாகச் செதில்கள் உருமாறிய பாறையின் பட்டைகளோடு இழைந்து, கார்னெட்டும் சில்லிமனைட்டும் துணையாக வந்தால் கிராஃபைட்டையே முதலில் நினையுங்கள்.

ஆய்வகத்தில்

எக்ஸ் கதிர் விளிம்பு விலகலில் செம்புக் கதிர் கொண்டு பார்த்தால் மாலிப்டினைட்டின் முதல் முகடு 14.4 டிகிரியில் நிற்கும். முன்பு சொன்ன 6.15 ஆங்ஸ்ட்ராம் இடைவெளிதான் அது. கிராஃபைட்டின் முகடு 26.5 டிகிரியை ஒட்டி வரும். குவார்ட்ஸின் முதன்மை முகடும் அங்கேயே உட்காரும். ஆகவே குவார்ட்ஸ் கலந்த பொடியில் 26.6 டிகிரி முகட்டை வைத்துக் கிராஃபைட் உண்டு என்று எழுதக் கூடாது. செதில்கள் தட்டையாகப் படுத்துக்கொள்வதால் 14.4 டிகிரி முகடு அளவுக்கு மீறி உயரும், மற்றவை மறையும். உயரத்தை வைத்து அளவு சொல்ல வேண்டுமானால் பொடியைப் பக்கவாட்டிலிருந்து நிரப்புங்கள். உரலில் நீண்ட நேரம் அரைப்பதும் தீர்வு இல்லை: செதில் உடையாமல் சறுக்கித் தேயும், அடுக்கு வரிசையும் கலையும்.

மின்னணு நுண்ணோக்கியின் தனிம அலசலில் இன்னொரு பொறி. மாலிப்டினத்தின் வலுவான கோடு 2.29 கிலோ எலக்ட்ரான் வோல்ட், கந்தகத்தினது 2.31, ஈயத்தினது 2.34. மூன்றும் ஒரே மேடாகத் தெரியும். கருவி தானாக 'ஈயம், கந்தகம்' என்று பெயரிட்டு மாலிப்டினைட்டைக் கலீனாவாக்கிவிடும். மின்னழுத்தத்தை 25 கிலோ வோல்ட்டுக்கு மேல் ஏற்றி 17.4-இல் மாலிப்டினத்தின் அடுத்த கோடு எழுகிறதா என்று பாருங்கள். ஈயம் என்றால் 10.55-இல் கோடு வர வேண்டும்.

வயது கணிக்க மாதிரி எடுத்தல்

மாலிப்டினைட் ரீனியத்தைத் தன் அமைப்புக்குள் இழுத்துக்கொள்ளும். ரீனியத்தை 1925-இல் நோடாக், இடா டாக்கே, பெர்க் ஆகிய மூவர் அறிவித்தார்கள். 1928-இல் ஒரு கிராம் ரீனியம் எடுக்க அவர்களுக்கு 660 கிலோ மாலிப்டினைட் தேவைப்பட்டது. ரீனியம்-187 மெதுவாக ஆஸ்மியம்-187 ஆக மாறும். அரைவாழ்வு சுமார் 4,160 கோடி ஆண்டுகள். 60 கோடி ஆண்டில் 1 சதவீதம்தான் மாறியிருக்கும். மாலிப்டினைட் உருவாகும்போது ஆஸ்மியத்தைக் கிட்டத்தட்ட ஏற்பதே இல்லை. எனவே உள்ளே இருக்கும் ஆஸ்மியம்-187 அங்கேயே பிறந்தது என்று கொண்டு ஒரே கனிமத்தை வைத்து வயது சொல்லலாம்.

இங்கே பெரும்பாலானோர் சறுக்குவது மாதிரி எடுப்பதில். காலப்போக்கில் ஆஸ்மியம் படிகத்துக்குள்ளேயே நகர்ந்து, தான் பிறந்த ரீனியத்தை விட்டு விலகும். பெரிய படிகத்தின் ஒரு மூலையைச் சுரண்டி அனுப்பினால் வயது அர்த்தமில்லாமல் வரும். முழுப் படிகத்தையோ, நாளத்தின் ஒரு முழுக் குறுக்குத் துண்டையோ எடுத்து, அதிலுள்ள மாலிப்டினைட் அனைத்தையும் பிரித்து, நன்றாகக் கலந்த பின்னரே கரைப்பதற்கான சில பத்து மில்லிகிராமை எடுக்க வேண்டும். செதில் எவ்வளவு பெரிதோ, பாறை எவ்வளவு பழையதோ, அவ்வளவு அதிகம் எடுங்கள்.

வெவ்வேறு நாளங்களின் செதில்களை ஒரே பையில் போடாதீர்கள். ஒவ்வொன்றும் தனிப் பொட்டலம், உள்ளே மெல்லிய காகிதம், வெளியே நாளத்தின் எண், அது வெட்டிய நாளத்தின் எண், அதை வெட்டிய நாளத்தின் எண். பஞ்சு வைக்க வேண்டாம். செதில்கள் இழைகளில் ஒட்டிக்கொண்டு திரும்ப வராது.